கையைக் கடிக்காத ஐரோப்பியக் கோடைப் பயணம்: மாணவ ஜோடிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவைக் கோடையில் சுற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும். இரண்டு பேர், இரண்டு வாரம்: 1,900 யூரோவிலும் முடிக்கலாம், 5,000 யூரோவும் கரையலாம். இந்த இடைவெளியில் பெரும்பகுதி நீங்கள் கிளம்புவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. போன இடத்தில் காபியைக் குறைத்து மிச்சம் பிடிப்பதெல்லாம் சில்லறை.

பெரும்பாலான ஜோடிகள் மலிவான விமான டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டதும் அதிலிருந்து திட்டத்தைத் தொடங்குகிறார்கள். பிறகு விசா தேதி ஒத்துவராது, அந்த வாரம் பார்த்து விடுதி விலை இரட்டிப்பாக இருக்கும், இருவரில் ஒருவருக்குத் தேர்வு வந்து நிற்கும். விதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காகிதம், பாதை, போக்குவரத்து, படுக்கை என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் இருவரின் காகிதங்கள்

தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். இவற்றில் ஒன்றில் நீங்கள் மாணவராக வசிப்பிட அனுமதி அட்டையோடு இருந்தால், அந்த அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. மாணவர் அட்டைகள் பல, கல்வியாண்டோடு சேர்ந்து ஆகஸ்ட், செப்டம்பரில் காலாவதியாகும். புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லை தாண்டக் கிளம்பிவிடாதீர்கள். இடைக்காலச் சான்றுகளில் பயணத்துக்குச் செல்லுபடியாவதும் உண்டு, ஆகாததும் உண்டு. அட்டை வழங்கிய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த நாடுகள் ஷெங்கனில் இல்லை. உங்கள் மாணவர் விசா அங்கே மட்டும்தான் செல்லும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை என்றால், வசிக்கும் நாட்டிலிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒருவர் ஐரோப்பாவில் படிக்க, மற்றவர் வெளியிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் ஜோடிகள் நிறைய. அப்படியானால் விசா தேவைப்படுபவரின் தேதிதான் இருவருக்கும் தேதி.

2. விசா: இருவர் சேர்ந்து போடும்போது

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். இரவுகள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. "இன்ன நாட்டுக்குச் சீக்கிரம் சந்திப்பு நேரம் கிடைக்கிறது, அங்கே போட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம்" என்று யோசனை சொல்பவர்கள் எங்கும் இருப்பார்கள். எல்லையில் உங்கள் விடுதி முன்பதிவுகளைக் காட்டச் சொன்னால் அவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையம் வழியாகப் போனால் அதன் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. மாணவருக்குக் கட்டண விலக்கு உண்டு என்று படித்துவிட்டு நம்பிக்கையோடு போகிறவர்களுக்கு: அது படிப்பு, பயிற்சி தொடர்பான பயணத்துக்கு. ஊர் சுற்றப் போவதற்கு இல்லை.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை போகும். கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டுவதால் படிவத்தை நிரப்புவதைவிட நேரம் வாங்குவதுதான் பெரிய பாடு. ஜூலையில் கிளம்ப வேண்டுமானால் மார்ச்சிலேயே நேரம் பிடித்துவிடுங்கள். அடுத்தடுத்த நேரமாக இருவருக்கும் சேர்த்துப் பிடிப்பது நல்லது.

காகிதங்களில் தவறவிடக் கூடாதவை:

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுமைக்கும், பயண நாட்கள் அத்தனைக்கும். கல்லூரியில் சேர்க்கைச் சான்றோடு, விடுமுறைத் தேதியும் நீங்கள் திரும்பிப் படிப்பைத் தொடர்வீர்கள் என்பதும் எழுதிய கடிதம் ஒன்று வாங்குங்கள். கையிருப்புப் பணத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனி அளவு வைத்திருக்கிறது. அதைத் தூதரகப் பக்கத்தில் பாருங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று கணக்கில் பெருந்தொகை வந்து விழுந்திருந்தால் கேள்வி வரும். பெற்றோர் செலவை ஏற்கிறார்கள் என்றால் அவர்களின் கடிதம், வங்கி அறிக்கை, உறவுச் சான்று மூன்றும் வேண்டும்.

ஜோடிக்கென்று சில விஷயங்கள். திருமணம் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இருவரின் விண்ணப்பமும் தனித்தனி. ஒரே உறைக்குள் பொதுவாக ஒரு நகல் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவர் கோப்பும் தனியாக நின்றாலும் முழுமையாக இருக்க வேண்டும். விடுதி முன்பதிவில் இருவர் பெயரும் வர வேண்டும். பல தளங்கள் முன்பதிவு செய்பவர் பெயரை மட்டும் அச்சிடும், அப்போது விடுதிக்கு எழுதி இரண்டாவது பெயரைச் சேர்த்து வாங்குங்கள். விளக்கக் கடிதத்தில் இன்னாருடன் சேர்ந்து பயணிக்கிறேன் என்று சொல்லி, ஒரே நாள்வாரிப் பட்டியலை இருவரும் இணையுங்கள். ஒருவருக்கு விசா கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படுவதும் நடக்கிறது. ஆகவே விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவு மட்டும் போதும்.

விசா கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: செல்லுபடியாகும் தேதிகள், எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். தேதிகளுக்கு இடையே முப்பது நாள் இருந்தாலும் தங்கும் நாள் பதினைந்து என்றால் பதினைந்துதான். வரும் நாளும் போகும் நாளும் அதில் சேரும். 2025 அக்டோபரில் தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து நாட்களைக் கணினியே எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். வசிப்பிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை.

3. தேதியும் பாதையும்

பணம் உண்மையில் மிச்சமாவதும் போவதும் இங்கேதான்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் உச்ச விலை மாதங்கள். ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர் பிற்பாதிக்கு நகர்த்த முடிந்தால் படுக்கை விலை கண்ணுக்குத் தெரிய இறங்கும். முடியாவிட்டால் திசையை மாற்றுங்கள். நடுக்கோடையில் ரோம், செவியா, ஏதென்ஸ் எல்லாம் வெயிலிலும் கூட்டத்திலும் வதைக்கும். போலந்து, செக், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பால்டிக் நாடுகள் அந்த நேரத்தில் இதமாகவும் இருக்கும், செலவும் குறைவு. ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அந்த வாரத்தில் ரயிலும் கடற்கரை ஊர்களும் நிரம்பி வழியும், உள்ளூர்க் கடைகள் பல மூடிக் கிடக்கும்.

எத்தனை ஊர்? இரண்டு வாரத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் டிக்கெட் செலவு மட்டும் ஆவதில்லை: மூட்டை வைக்கும் பெட்டி வாடகை, நிலையத்தில் வாங்கும் அதிக விலைச் சாப்பாடு, கையைவிட்டுப் போகும் அரை நாள், இருவருக்கும் வரும் எரிச்சல். பத்து நாளில் ஏழு நாடு என்ற பட்டியல்கள் பார்க்க நன்றாக இருக்கும். அவர்கள் பார்த்ததெல்லாம் ரயில் நிலையம்.

மாணவர் பைக்குப் பொருந்தும் ஒரு சுற்று: க்ராக்கோவ், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், மீண்டும் க்ராக்கோவ். தூரங்கள் சிறியவை, பஸ்ஸும் ரயிலும் போட்டி போடுவதால் டிக்கெட் மலிவு, பிராட்டிஸ்லாவாவை வியன்னாவிலிருந்து ஒரு மணி நேர ரயிலில் பகல் பயணமாகப் பார்த்துவிடலாம். ஜூரிக், ஜெனிவா, கோபன்ஹேகன், ஓஸ்லோ, ஆம்ஸ்டர்டாம் ஆகியவை பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரவுகளைக் குறையுங்கள்.

குரோவேஷியா போகும் ஒருமுறை-நுழைவு விசாக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த நாடு 2023 முதல் ஷெங்கனில் இருக்கிறது. ஆனால் டுப்ரோவ்னிக்கிலிருந்து பகல் சுற்றுலாவாக எல்லோரும் போகும் கோட்டோரும் மோஸ்டாரும் மொண்டெனேக்ரோ, பொஸ்னியா நாடுகளில் உள்ளவை. அங்கே காலெடுத்து வைத்தால் திரும்பி நுழைய முடியாது. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் வரும் பஸ்ஸிலும் இதே வில்லங்கம்: நேயும் என்ற ஊர் வழியாக வந்தால் பொஸ்னியா மண்ணைத் தொட்டுத்தான் வரும். 2022-ல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும் பஸ்ஸா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

4. போக்குவரத்து: பாஸா, தனி டிக்கெட்டா

பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து வாங்கும் பாஸ்: ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவருக்கு யூரெயில். குடியுரிமை முக்கியமில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. ஆகவே மாணவர் அட்டை வைத்திருப்பவர் இன்டர்ரெயில் வாங்குவார், உடன் வரும் விருந்தாளி யூரெயில் வாங்குவார். ஏறுவது ஒரே ரயிலில்தான். 27 வயது வரை இளைஞர் கட்டணம். இன்டர்ரெயிலில் நீங்கள் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் மட்டுமே பயன்படுத்தலாம்.

பாஸ் வாங்கினால் எல்லா ரயிலிலும் சும்மா ஏறலாம் என்ற எண்ணம்தான் பெரிய பொறி. பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் பக்கம் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே உங்கள் பாதையின் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்கூட்டிய டிக்கெட் விலையை ஒரு தாளில் எழுதி, பாஸ் விலையோடு முன்பதிவுக் கட்டணத்தையும் கூட்டி ஒப்பிடுங்கள். மேலே சொன்ன மத்திய ஐரோப்பியச் சுற்றுக்கு, முன்னதாக வாங்கிய தனி டிக்கெட்டுகளே பெரும்பாலும் வெல்லும். ஆஸ்திரிய, ஜெர்மன் ரயில்களின் சலுகை டிக்கெட்டுகளும், செக் நாட்டு ரெஜியோஜெட் நிறுவனமும் முதலில் பார்க்க வேண்டியவை.

ஜெர்மனியில் அதிக நாள் என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட்: 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. உள்ளூர் பஸ், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாம் அடங்கும். ஐசிஇ போன்ற விரைவு ரயில் அடங்காது. ஆஸ்திரிய எல்லைக்குள் இருக்கும் சால்ஸ்பர்க் வரை செல்லும். இது மாதச் சந்தா. 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். ஒரே ஒரு நாள் சுற்றலுக்கு என்றால் பவேரிய நாள் டிக்கெட் மாதிரியானவை ஜோடிக்குச் சாதகம். இரண்டாவது ஆளுக்குச் சிறு தொகைதான் கூடும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் ஏறலாம். லக்சம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்தே இலவசம்.

இரவு பஸ் ஒரு இரவு வாடகையை மிச்சப்படுத்தும் என்பது பாதி உண்மை. காலை ஆறு மணிக்கு இறங்கினால் விடுதியில் அறை மதியம் இரண்டு, மூன்றுக்குத்தான். அதுவரை பூங்கா பெஞ்சில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி வழிவதற்குக் காதல் மட்டும் போதாது. முழுப் பயணத்துக்கு ஒன்று போதும்.

மலிவு விமானத்தில் டிக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை கூட்டிப் பாருங்கள். பாரிஸ் என்று போட்டிருக்கும் போவே நிலையம் நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் ஹான் இன்னும் தூரம், சுமார் 120. ரயன்ஏர், விஸ் ஏர் இரண்டிலும் இலவசப் பை 40×30×20 செ.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். வாயிலில் பிடித்தால் அபராதம் டிக்கெட்டைவிட அதிகமாகும். இருவருக்குத் தனித்தனி கேபின் பை வாங்குவதைவிட, ஒரே 20 கிலோ பெட்டியைப் பகிர்ந்துகொண்டால் பல நேரம் மலிவாக முடியும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாதவர்கள் ரயன்ஏரில் போகும்போது பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுன்டரில் ஆவணச் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஊருக்குள் போகும் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள். ஜெர்மனியில் மாட்டினால் ஆளுக்கு 60 யூரோ. "புதிதாக வந்திருக்கிறோம்" என்பது எந்தப் பரிசோதகர் காதிலும் ஏறாது.

5. படுக்கை

கூட்டு அறையில் இரண்டு படுக்கையா, தனி அறையா? ஒவ்வொரு ஊருக்கும் கணக்குப் போடுங்கள். கோடையில் புடாபெஸ்ட், க்ராக்கோவில் ஒரு படுக்கை சுமார் 20–30 யூரோ. பாரிஸ், ஆம்ஸ்டர்டாமில் 40–60. விலை உயர்ந்த ஊரில் இரண்டு படுக்கைக் காசும் புறநகர் ஓட்டலின் இரட்டை அறைக் காசும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், அப்போது தனி அறையே மேல். கூட்டு அறை என்றால் இருபாலருக்கும் பொதுவானதா என்று பார்த்துப் பதியுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு மாடியில் படுக்க வேண்டியிருக்கும்.

அதிகம் பேர் தேடாத ஒரு வழி, பல்கலைக்கழக மாணவர் விடுதிகள். கோடையில் காலியாகும் அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஊர்கள் பல. கூடாரம் இருந்தால் முகாம் மைதானங்கள் இன்னும் மலிவு. எங்கே தங்கினாலும் சமையலறை இருக்கிறதா என்பதை முன்பதிவுத் தளத்தின் வடிகட்டியில் முதலில் போடுங்கள்.

திரையில் தெரியும் விலை இறுதி விலையாக இருக்காது. ஆம்ஸ்டர்டாமில் நகர வரி வாடகையில் 12.5 விழுக்காடு. இத்தாலிய நகரங்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நேரில் வாங்குவார்கள், சில இடங்களில் ரொக்கமாக. வெனிஸுக்குப் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்குக் கோடையின் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. வெனிஸ் நகராட்சிக்குள்ளேயே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினால் விலக்கு கிடைக்கும், ஆனால் விலக்கையும் இணையத்தில் பதிந்து வாங்க வேண்டும்.

6. சாப்பாடு

காலையும் இரவும் சூப்பர்மார்க்கெட், மதியம் வெளியே. இந்த ஒரு பழக்கம் போதும். ஸ்பெயினில் வார நாள் மதியம் "மெனு டெல் தியா" (ஒரே விலையில் வரும் அன்றைய மதியச் சாப்பாடு) கேளுங்கள். ஜெர்மனியில் மாணவர் உணவகமான மென்சாவில் விருந்தினர் விலையில்கூடச் சாப்பிடலாம். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிறன்று கடைகள் மூடிக் கிடக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் கிடைக்கும். ரோமில் தெருக் குழாய்களில் வருவது குடிநீர். பாரிஸ் உணவகத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீர்க் குடுவை இலவசம், கேட்டு வாங்க வேண்டும். இத்தாலியில் பில்லில் வரும் "கொபெர்த்தோ" இருக்கைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

7. பார்க்கும் இடங்கள்

26 வயது நிரம்பாமல், ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வசிப்பிட அட்டையோடு இருப்பவருக்கு பாரிஸின் லூவர் அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் இலவசம். அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள். உடன் வரும் விருந்தாளிக்கு இது கிடையாது, அவருக்கு முழு விலை. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை எல்லோருக்கும் இலவசம். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டம் அதற்கேற்ப இருக்கும். மாணவர் அட்டை உள்ளூர் மொழியில் மட்டும் இருந்தால் சர்வதேச மாணவர் அட்டை ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது.

8. பணமும் போனும்

இரண்டு வாரத்துக்கு, இருவருக்குச் சேர்த்து, மத்திய ஐரோப்பாவுக்கு நான் போடும் கணக்கு: படுக்கை 770, சாப்பாடு 420, ஊர்விட்டு ஊர் போக 300, உள்ளூர்ப் போக்குவரத்து 100, நுழைவுச் சீட்டு 110, அவசரத்துக்கு 200. மொத்தம் 1,900 யூரோ. விசாவும் ஐரோப்பாவுக்கு வந்துசேரும் விமானமும் இதில் இல்லை. இருவரும் கிளம்பும் முன்பே சம தொகை போட்டு ஒரு பொதுக் கணக்கு வைத்து, பொதுச் செலவையெல்லாம் அதிலிருந்தே செய்யுங்கள். நேற்று யார் கொடுத்தார்கள் என்ற பேச்சு எழவே எழாது.

செக், ஹங்கேரி, போலந்து, சுவிட்சர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகியவற்றில் யூரோ நாணயம் இல்லை. அட்டை இயந்திரம் "உங்கள் நாணயத்தில் எடுக்கட்டுமா" என்று கேட்டால் எப்போதும் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியே நிற்கும் ஏடிஎம்மை விட்டுவிட்டு வங்கி ஏடிஎம் தேடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய சிம் ஒன்றியம் முழுக்கக் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் இல்லை. ரயில் அந்த எல்லையைத் தாண்டும் முன் இணையத்தை அணைத்துவிடுங்கள், சில திட்டங்களில் சில நிமிடமே பெரிய பில்லாகும்.

9. ஏதாவது ஆனால்

அவசர எண் எங்கும் 112. ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் மாணவருக்கு ஐரோப்பிய நலக் காப்பீட்டு அட்டை மற்ற நாடுகளிலும் உதவும். ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டுக் குடிமக்கள் அதை டென்மார்க், நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் பயன்படுத்த முடியாது. அங்கே தனிப் பயணக் காப்பீடு வேண்டும்.

விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, காரணம் விமான நிறுவனத்தின் பக்கம் என்றால் 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு ஆளுக்கு 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் 50. இயற்கைச் சீற்றம் மாதிரிக் காரணங்களுக்கு இது பொருந்தாது. இத்தாலியில் கோடை வேலைநிறுத்தங்கள் அறிவித்துவிட்டுத்தான் நடக்கும். வார நாட்களில் காலை 6–9, மாலை 6–9 வட்டார ரயில்கள் ஓடும் என்ற உத்தரவாதம் உண்டு.

ஒருவர் பாஸ்போர்ட் நகலை மற்றவர் போனில் வையுங்கள். இருவரின் அட்டைகளும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

10. திரும்பி வந்ததும்

தாமத இழப்பீட்டு விண்ணப்பங்களை அந்த வாரமே அனுப்புங்கள். சந்தா டிக்கெட் ரத்தான உறுதி மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விடுதிகள் முன்பணமாகப் பிடித்துவைத்த தொகை கணக்குக்குத் திரும்பியதா என்று சரிபாருங்கள். விமான ஏறு சீட்டுகளையும் விடுதி ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த விசா விண்ணப்பத்தில், சொன்ன தேதியில் திரும்பினீர்கள் என்பதற்கு அவை சான்றாகும்.